மச்சமும் மாத்திரையும்

விருத்தாசலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் எவ்வளவு பரிச்சயமோ அவ்வளவு பரிச்சயமான கதை ஒன்று உண்டு. திருமுதுகுன்றம் என்று இவ்வூர் வழங்கிய காலத்தில், இங்கே இறைவனிடம் பன்னீராயிரம் பொன் பெற்ற சுந்தரர், அதை மணிமுத்தாற்றிலே இட்டுவிட்டுத் திருவாரூருக்குச் சென்று கமலாலயக் குளத்திலே எடுத்துக்கொண்டார் என்பதும், ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்ற பழமொழி அதிலிருந்து வந்தது என்பதும் அக்கதையின் பிரசித்தமான பகுதிகள். எனக்கு எப்போதும் மனத்தில் நிற்பது அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பகுதி. பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன்னால் சுந்தரர் அதிலிருந்து ஒரு சிறு துணுக்கை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்திலிருந்து எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடியும் பாடித்தான் பழைய மாற்றைப் பெற்றார். மாற்றுரைத்த பிள்ளையார் என்று திருவாரூரில் இன்றும் வணங்கப்படும் மூர்த்தி அந்தச் சோதனைக்குச் சாட்சி. கொடுத்தவன் இறைவனேயாயினும், கையில் மச்சம் இல்லாமல் பொன்னின் தரத்தை ஒப்புக்கொள்வதில்லை என்ற இந்த ஜாக்கிரதையைப் பக்திக் கதை ஒன்றில் காண்பது எனக்கு ஆச்சரியமும் ஆனந்தமும் தருகிறது.

நம் ஊர்ப் பீங்கான் தொழிலாளிக்கும் இந்த ஜாக்கிரதை புதிதன்று. புதிய மெருகுக் கலவை ஒன்றைப் பரீட்சை செய்ய விரும்புகிறவர், அதைப் பூசிய துண்டைத் தனியே ஒரு நாள் சுட்டுப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட மாட்டார். பழைய கலவை பூசிய துண்டையும் அதன் பக்கத்திலேயே, ஒரே சூளையில், ஒரே அனலில் வைத்தெடுத்த பிறகுதான் வாய் திறப்பார். வைத்தியத்தில் மட்டும் நாம் இந்த விவேகத்தைக் கைவிட்டுவிடுகிறோம். 'அந்த மாத்திரை போட்டேன், ஜுரம் விட்டது' என்பதே நமக்குப் போதுமான பிரமாணமாகிவிடுகிறது.

மலேரியாவைப் பற்றி எழுதப் புகுந்தே இவ்வளவு பீடிகை. தமிழ்நாட்டில் இந்நோய் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. இருபது வயதுப் பிள்ளைகள் பலர் அதன் நடுக்கத்தைக் கண்ணால் கண்டதில்லை. எனினும் சிக்கலற்ற மலேரியா என்று வைத்தியர்கள் வகைப்படுத்தும் நிலை, அதாவது நினைவு தவறாமலும் வலிப்பு வராமலும் சிறுநீரகம் பழுதுபடாமலும் மாத்திரையை வாயால் விழுங்கக்கூடிய நிலையில் உள்ள நோயாளியின் ஜுரம், எந்த மருந்துக்கு எவ்வளவு கட்டுப்படுகிறது என்ற கேள்வி, நோய் குறைந்துகொண்டே வரும் இக்காலத்தில்தான் முன்னைவிட நுட்பமாகக் கேட்கப்பட வேண்டியதாயிருக்கிறது.

இக்கேள்வியை முறையாகக் கேட்டுப் பார்த்த பழைய முயற்சிகளில் முக்கியமான ஒன்று நம்முடைய சென்னை மாகாணத்திலேயே நடந்தது என்பதைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். 1860ஆம் ஆண்டை ஒட்டித் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சரிவுகளிலிருந்து கிளமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் கொணர்வித்த சிங்கோனாக் கன்றுகளும் விதைகளும் நீலகிரியிலே வேரூன்றின. உதகமண்டலத்து அரசாங்கத் தோட்டத்தின் அதிகாரியாயிருந்த வில்லியம் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவற்றைப் பயிராக்கினார். மரத்தின் பட்டையை உரித்த இடத்தில் பாசியைப் போர்த்திக் கட்டினால் புதிதாக வளரும் பட்டையில் மருந்துச் சத்து மிகுதியாக ஊறும் என்று ஓர் உபாயமும் கண்டார். ஆனால் இங்கே ஒரு சங்கடம் இருந்தது. நீலகிரியில் செழித்த செம்பட்டைச் சிங்கோனாவில் மொத்தச் சத்து மிகுதி. அதில் கொயினாவின் பங்கு மட்டும் குறைவு. மற்றவை அதன் உடன்பிறந்த சத்துகளான கொயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என்பவை. 1820ஆம் ஆண்டில் பாரிஸில் பெல்லத்தியே, கவந்தூ என்ற இருவர் கொயினாவைத் தனியே பிரித்தெடுத்த நாள் முதல் உலகம் அதன் பெயரையே ஜபித்துக்கொண்டிருந்தபடியால், ஏனைய மூன்றும் உமி என்று ஒதுக்கப்பட்டன. கைவசம் உள்ள மரம் அந்த மூன்றையே மிகுதியாகத் தருகிறது என்றால், அவை மெய்யாகவே உமிதானா என்று பார்த்துவிடுவதுதானே நியாயம்?

அப்படிப் பார்ப்பதற்கென்று அமைந்ததுதான் 1866ஆம் ஆண்டின் சிங்கோனா ஆணையம். 1868 வரை நடந்த பரீட்சைகளில் ஏறத்தாழ 3,600 நோயாளிகளுக்கு இந்நான்கு சத்துகளும் தனித்தனியே கொடுத்துப் பார்க்கப்பட்டன. ஜுரத்தின் முறை நின்றுவிட வேண்டும் என்பதே வெற்றிக்கு அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல். முடிவு வந்தபோது நான்கும் ஏறக்குறைய ஒரே தரமாயிருந்தன. நூற்றுக்கு 98 பேருக்கு மேல் ஜுரம் நின்றது. அரிசிக்கும் உமிக்கும் வித்தியாசமில்லை என்று முறத்தைத் தட்டிக் காட்டியதுபோல ஆயிற்று.

அதன் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். இவ்வளவு தெளிவாகச் சமம் என்று காட்டப்பட்ட நான்கில் மூன்று, சில பத்தாண்டுகளில் வழக்கொழிந்தன. கொயினா ஒன்றே நின்றது. வேறு பரீட்சை ஒன்று அதற்கு உயர்ந்த ஸ்தானம் கொடுத்ததா என்றால், இல்லை. சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரி 1865இல் பொலிவியாவிலிருந்து அனுப்பிய விதைகளை ஆங்கிலேய அரசாங்கம் வேண்டாமென்றது. டச்சுக்காரர்கள் அவற்றில் ஒரு பகுதியை வாங்கி ஜாவாத் தீவிலே விதைத்தார்கள். அந்த மரங்களில் கொயினா அபரிமிதமாகச் சுரந்தது. 1890க்குப் பின் உலகச் சந்தை ஜாவாப் பட்டையால் நிரம்பவே, வைத்தியர்களின் எழுதுகோலும் கொயினாவின் பக்கம் திரும்பியது. எந்த மருந்து மேலானது என்று ஆஸ்பத்திரிகள் கண்ட முடிவை, எந்த மரம் மலிவானது என்ற முடிவு மூடிவிட்டது. இன்று ஒரு மருந்தைவிட இன்னொரு மருந்து சிறந்தது என்று நம் காதில் விழும்போதெல்லாம், அப்பேச்சுக்குப் பின்னால் நிற்பது நோயாளியின் படுக்கையா கப்பல் துறைமுகமா என்று விசாரித்துக்கொள்வது தவறாகாது.

ஆணையத்தாரைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. அவர்கள் காலத்தில் காணக்கூடியதை நேர்மையாகக் கண்டார்கள். ஆனால் காணமுடியாதது மிகப் பெரிது. மலேரியாக் கிருமியை இரத்தத்தில் லவெரான் என்ற பிரெஞ்சு வைத்தியர் கண்டுபிடித்தது 1880இல். கொசுவின் வயிற்றில் அதை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்ட் 20இல். ஆகவே, 1866இல் மருந்து கொடுத்தவர்களுக்குத் தாம் எதை எதிர்த்துப் போராடுகிறோம் என்பதே தெரியாது. ஒரே குளிரும் நடுக்கமும் காட்டும் அந்நோயில் உயிரைக் குடிக்கும் ஃபால்சிபாரம் என்றும் மீண்டும் மீண்டும் வந்து வாட்டும் வைவாக்ஸ் என்றும் வேறு வேறு கிருமிகள் உண்டு என்பதும், ஜுரம் விட்டவன் வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து மறுபடியும் படுத்தால் அது பழைய கிருமியா, புதிய கொசுவின் கடியா என்பதும் அவர்களுடைய கணக்கில் இடம்பெற வழியில்லை. ஜுரத்தின் முறையை நிறுத்துவதில் நான்கும் சமம் என்றார்கள். அந்த வாக்கியத்தின் பாரம் முழுவதும் நிறுத்துவது என்ற ஒரு சொல்லின்மேல் நின்றது.

பிற்காலத்து வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1934இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஆண்டர்சாக் உண்டாக்கிய குளோரோகுயின், இரண்டாம் உலகயுத்தத்துக்குப் பின் கசப்பு நீரான கொயினாவை அலமாரிக்கு அனுப்பியது. 1973இல் அஸ்ஸாமின் கார்பி ஆங்லாங் பகுதியில் ஃபால்சிபாரம் கிருமி அதற்கு அடங்க மறுப்பது இந்தியாவில் முதன்முதல் காணப்பட்டது. சீனத்தில் தூ யூயூ என்ற அம்மையார் பழைய வைத்திய ஏடுகளின் குறிப்பைப் பின்பற்றி 1970களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினின், அந்த இடத்தைப் பிடித்தது; 2015இல் நோபல் பரிசும் அவருக்கு வந்தது. ஆர்ட்டிமிசினின் இனம் கிருமியை வெகு வேகமாகக் கொல்லும். ஆனால் சில மணி நேரத்தில் உடலைவிட்டுக் கழிந்துவிடும். எஞ்சிய கிருமிகளைத் துடைத்தெடுக்க, மெதுவாகக் கழியும் துணைமருந்து ஒன்று கூடவே வேண்டும். இதுவே கூட்டுச் சிகிச்சையின் தத்துவம்.

இக்கூட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறையைப் பார்க்கும்போதுதான் சுந்தரரின் மச்சம் எனக்கு நினைவுக்கு வந்தது. இப்போதைய பரீட்சைகளில் நோயாளியை ஜுரம் விட்டவுடன் கைகழுவுவதில்லை. 28 நாளோ 42 நாளோ, மெதுவாகக் கழியும் மருந்தாயின் அதற்கு மேலும், குறித்த நாள்களில் அழைத்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். முதல் நாளன்றே, மருந்து கொடுப்பதற்கு முன், அவருடைய இரத்தத்தில் ஒரு துளியை வடிகாகிதத்தில் உலரவைத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். இருபத்தைந்தாம் நாள் கிருமி மறுபடியும் தென்பட்டால், அதன் மரபணுவை முதல் நாள் துளியின் மரபணுவோடு உரைத்துப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றானால் மருந்து தோற்றது. வேறானால் மருந்து ஜெயித்தது, கொசு மறுபடியும் கடித்தது. மச்சம் வெட்டி வைத்துக்கொள்ளாத பரீட்சையில் இவ்விரண்டும் ஒரே கணக்கில் விழுந்து, நல்ல மருந்து கெட்ட பெயரும் கெட்ட மருந்து நல்ல பெயரும் வாங்கிக்கொண்டு போகும். இவ்வாறு திருத்திய கணக்கில் தோல்வி நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் ஒரு தேசம் தன் மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிர்ணயம்.

இந்த நிர்ணயத்தின்படிதான் இந்தியாவில் 2013ஆம் ஆண்டு ஒரு பிரிவினை ஏற்பட்டது. ஆர்ட்டிசுனேட்டோடு சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் சேர்ந்த கூட்டு நாடெங்கும் ஃபால்சிபாரத்துக்கு வழங்கப்பட்டுவந்தது. வடகிழக்கு மாநிலங்களில் அதன் துணைமருந்து தேய்ந்துபோனது பரீட்சைகளில் வெளிப்படவே, அங்கே மட்டும் ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் என்ற வேறு கூட்டு வந்தது. தமிழ்நாட்டில் பழைய கூட்டே நீடித்தது. முன்னதில் பெரியவர்களுக்கு மூன்று நாளும் நாளைக்கு ஒரு வேளை. துணைமருந்து முதல் நாள் மட்டும். பின்னதில் வேளைக்கு நான்கு மாத்திரையாக நாளைக்கு இரு வேளை, மூன்று நாளில் இருபத்துநான்கு. கொழுப்புள்ள உணவோ பாலோ சேராவிட்டால் அது உடலில் சரியாக ஏறாது. காலையில் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவனிடத்தில் இந்த ஒரு நிபந்தனை, ஆஸ்பத்திரியில் பெற்ற வெற்றி விழுக்காட்டில் எவ்வளவைத் தின்றுவிடும் என்பதை யோசிக்காமல் இரண்டையும் எடைபோட முடியுமா? இரண்டாம் நாள் ஒரே ஒரு வேளை கொடுக்கும் பிரைமாகுயின் இன்னொரு வேடிக்கை. அதனால் நோயாளிக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. கொசுவின் வழியே பரவக்கூடிய கிருமியின் வடிவத்தை அது அழிக்கிறது. மருந்தை விழுங்குபவர் ஒருவர், பயன் அண்டைவீட்டாருக்கு.

தமிழ்நாட்டில், விசேஷமாகச் சென்னையில், மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் நல்ல தண்ணீரில் பெருகும் கொசுவின் உபயத்தால் வருவதில் பெரும்பகுதி ஃபால்சிபாரம் அன்று, வைவாக்ஸ். உயிருக்கு அஞ்சவேண்டியது குறைவு என்று இதை அலட்சியம் செய்கிறோம். இதற்கு இன்றைக்கும் பழைய குளோரோகுயினே போதும்: பெரியவர்களுக்கு நான்கு, நான்கு, இரண்டு என்று மூன்று நாள். ஜுரம் விட்டுவிடும். ஆனால் வைவாக்ஸ் கிருமி, இரத்தத்தில் ஓடுவதோடு நில்லாமல், ஈரலிலே உறங்கும் வடிவம் ஒன்றை விட்டுவைக்கிறது. வாரங்களோ மாதங்களோ கழித்து அது கண்விழிக்கும்போது நோயாளி தான் புதிதாகக் கடிபட்டதாக எண்ணிக்கொள்கிறார். இங்கே மச்சமும் பொய்க்கும். ஈரலில் உறங்கியெழும் கிருமி, முதல் நாள் இரத்தத்தில் இருந்ததன் மரபணுவோடு ஒத்திருக்கவேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. காத்திருந்து எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு உரைகல் கிடையாது.

உறங்கும் வடிவத்தைக் கொல்வது பிரைமாகுயின். நம் தேசத்தின் மலேரியாத் திட்டம் பல ஆண்டுகள் அதை ஐந்து நாள் கொடுத்தது. பதினான்கு நாள் கொடுத்தால் யார் விழுங்குவார்கள், ஐந்து நாளாவது விழுங்கட்டுமே என்ற தாராளம்! கேட்பதற்கு எவ்வளவு நியாயமாயிருக்கிறது. ஆனால் ஐந்து நாள் உண்டவர்களையும், குளோரோகுயினைத் தவிர வேறொன்றும் உண்ணாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதக்கணக்கில் எண்ணிப் பார்த்தபோது, இரு சாராருக்கும் ஜுரம் ஏறக்குறைய ஒரே அளவில் திரும்பி வந்தது. இலங்கையின் கௌரி கலப்பத்தி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பிரதாப் தரியன் ஆகியோர், வெவ்வேறு நாடுகளின் பரீட்சைகளை ஒன்றுதிரட்டி 2007இல் வெளியிட்ட ஆய்வுத்தொகுப்பு இதைத் தெளிவாகச் சொல்லிற்று: பதினான்கு நாள் பயன் தருகிறது, ஐந்து நாள் ஒன்றும் கொடாமைக்குச் சமம். அத்தனை ஆண்டுகளில் அத்தனை பேர் விழுங்கிய ஐந்து நாள் மாத்திரைகள் என்னவாயின என்று எண்ணும்போது எனக்கு அரைவேக்காட்டில் இறக்கிய பானையின் ஞாபகமே வருகிறது. சுடாத மண்ணைக் கரைத்துத் திரும்ப வனையலாம். அரைகுறையாய்ச் சுட்டது மண்ணுக்கும் ஆகாது, தண்ணீருக்கும் ஆகாது.

பதினான்கு நாள் என்பது ஏட்டில் எழுத எளிது. மூன்றாம் நாளே நன்றாகிவிட்ட மனிதன், உடம்பில் ஒரு நோவும் இல்லாத நிலையில், வயிற்றைப் புரட்டும் மாத்திரையை இன்னும் பதினொரு நாள் எதற்காக விழுங்க வேண்டும்? அதோடு, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இம்மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும், சிறுநீர் கறுக்கும். கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுக்கலாகாது. ஆகவே சீக்கிரம் முடிகிற வழியை உலகம் தேடிக்கொண்டிருக்கிறது. மொத்த அளவு ஒன்றாயிருந்தால் ஏழு நாளில் கொடுப்பதும் பதினான்கு நாளில் கொடுப்பதும் ஏறத்தாழச் சமமே என்று ஆப்கானிஸ்தானம், எத்தியோப்பியா, இந்தோனேசியா, வியத்நாம் ஆகிய நான்கு தேசங்களில் நடந்த பரீட்சை 2019இல் அறிவித்தது. ஒரே வேளையில் முடியும் டாஃபனோகுயின் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் உட்கொண்டபின் அதை உடலிலிருந்து திரும்பப் பெற முடியாது, ஆதலால் நொதியை முன்கூட்டியே அளந்து பார்த்தாக வேண்டும். அந்த அளவைக் கருவி ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வந்துசேரும் வரையில், புதிய மருந்தின் பெயரைச் சொல்லிப் பழைய மருந்தை அலட்சியம் செய்வதை நான் ஒப்பமாட்டேன்.

அலட்சியம் வேறொரு ரூபத்திலும் வருகிறது. தனியார் வைத்தியசாலைகளில், மாத்திரை விழுங்கக்கூடிய நோயாளிக்கும் ஆர்ட்டிமிசினின் இன ஊசியைத் துணைமருந்து இல்லாமல் போட்டு, ஜுரம் இறங்கியவுடன் அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தனி ஆர்ட்டிமிசினின் மாத்திரைகளை அரசாங்கம் தடை செய்தபின்னும் ஊசியின்மேல் ஜனங்களுக்கு உள்ள மோகம் தீரவில்லை. கம்போடியாவின் மேற்குப் பகுதியில் இந்த இனத்துக்கே கிருமி எளிதில் மடியாமல் நிற்கத் தொடங்கி வெகுகாலமாயிற்று. இப்போது ஆப்பிரிக்காவிலும் காணப்படுகிறது. ஊசி போட்டுக்கொண்டவருக்கு 1866ஆம் வருஷத்து அளவுகோல்தான் கையில் இருக்கிறது: ஜுரம் நின்றது.

இதையெல்லாம் விருத்தாசலத்தில் உட்கார்ந்து ஏன் எழுதவேண்டும் என்று கேட்பவர்களுக்கு நம் ரயில் சந்திப்பைக் காட்டுவேன். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வேலை தேடி வருகிறவர்களும், தமிழ்நாட்டுக் கிணறு தோண்டும் லாரிகளோடு சத்தீஸ்கர்க் காடுகள் வரையில் போய்த் திரும்புகிறவர்களும் இன்று எந்த ஊருக்கும் அந்நியரல்லர். அவர்களில் ஒருவனுக்கு இங்கே ஜுரம் கண்டு, இரத்தத் தடவலில் வைவாக்ஸ் என்று தெரிந்து, மாத்திரை அட்டையும் கொடுத்தனுப்பினால், ஆறாம் நாள் அவன் எங்கே இருப்பான்? கூலி முடிந்து ரயில் ஏறியிருப்பான். மூன்றாம் மாதம் கடலூரிலோ கட்டாக்கிலோ அவனுக்கு மறுபடியும் குளிர் காணும்போது, அங்கே உள்ளவர்கள் அதைப் புதிய நோய் என்று எழுதிக்கொள்வார்கள். விருத்தாசலத்துக் கணக்கில் அவன் குணமானவன். ஆற்றிலே போட்டது குளத்திலே எழுந்ததை உரைத்துப் பார்ப்பதற்கு யார் கையிலும் மச்சம் இல்லை.

இலங்கையைப் பாருங்கள். 1963இல் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்துவிட்டு, காவலைத் தளர்த்தியதால் அப்பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் நோயாளிகளைக் கண்ட தேசம் அது. அந்த அனுபவத்தின் சூடு மறக்காமல் உழைத்து, 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளி ஒருவர்கூட இல்லாமல் செய்து, 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த தேசம் என்ற சான்றையும் பெற்றது. அவர்கள் நம்மிடம் இல்லாத மருந்து ஒன்றையும் வைத்திருக்கவில்லை. அதே குளோரோகுயின், அதே பதினான்கு நாள் பிரைமாகுயின். வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்திறங்கும் ஒவ்வொருவரையும் சிகிச்சை முடிந்த பிறகும் தேடிப்போய் இரத்தம் பார்க்கிறார்கள்.

இந்தியாவும் 2030க்குள் மலேரியாவை ஒழிப்பதாகச் சங்கற்பம் செய்திருக்கிறது. அதற்காக எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கேட்பது பெரிய காரியமொன்றும் இல்லை. நோயாளியின் கையில் கொடுக்கும் மாத்திரை அட்டையோடு, அவன் பாஷையில் அச்சிட்ட ஒரு சிறு சீட்டு. அதில் முதல் நாள் எடுத்த இரத்தத் தடவலின் எண், கிருமியின் பெயர், பதினான்கு கட்டங்கள். அவன் ஏறப்போகும் ரயில் எந்த ஜில்லாவுக்குப் போகிறதோ அந்த ஜில்லாவின் மலேரியா அலுவலகத்துக்கு அதே எண்ணோடு ஒரு தகவல். சீட்டின் ஐந்தாம் கட்டம் வரையில் நம் கிராம சுகாதாரச் செவிலியர் கோடு போடட்டும். ஆறாம் கட்டத்திலிருந்து ஒடிசாவிலோ சத்தீஸ்கரிலோ வேறொருவர் போடட்டும். மூன்றாம் மாதம் குளிர் கண்டால், அங்குள்ள வைத்தியர் அவன் சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை வாங்கி, எத்தனை கட்டங்களில் கோடு விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்.